மெற்றில்டாவின் இரண்டு பார்வைகள்

தாழ்வுபாடு, மன்னார்
12.02.2003

எமிலியானுஸ்,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் அல்ல இது. அப்பாவின் முப்பத்தோராம் நாள் நினைவன்று உன்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்ன அக்காதான் எழுதுகிறேன். நாலு வருடமாக நான் உன்னோடு கதைக்கவில்லை. இப்போதும் சமாதானம் பேச வரவில்லை. ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் எழுது. சந்திக் கடைக்கு ரெலிபோன் எடுக்காதே. அங்கே நான் கதைத்தால் ஊரே காது கொடுத்துக்கொண்டு நிற்கும்.

போன திங்கட்கிழமை காலை மகள் மெற்றில்டாவையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். நான் கருவாடு பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போலச் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். அவளுடைய சத்தம் இல்லை, தொண்டைக்குள்ளிருந்து பிழிந்தெடுத்தது போல ஒன்று. திரும்பிப் பார்த்தால் மணலில் கிடக்கிறாள். கையும் காலும் இழுத்து இழுத்து அடிக்கின்றன. வாயில் நுரை. பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி, இரும்பு பட்டால் நிற்கும் என்று, திறப்புக் கோர்வையைக் கைக்குள் திணித்தாள். இன்னொருத்தி கரண்டிக் காம்பைப் பல்லுக்குள் விட்டாள். ஒரு பல் உடைந்ததுதான் மிச்சம்.

அவளுக்கு இப்போது பதினொரு வயது. இதுவரை இப்படி வந்ததில்லை. கிளினிக்கில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். "இப்பிடியான பிள்ளையளுக்கு இப்பிடி வரும், அம்மா. இந்தக் குளிசையைக் குடுங்கோ" என்றார். ஏன் வரும் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நீ கொழும்பு ஆசுப்பத்திரியில் தலைக்கு வயர் பூட்டி மூளையைப் பதிவு செய்யும் வேலை பார்க்கிறாய். ஆகவே உன்னைக் கேட்கிறேன். அவள் பேசாததும், முகம் பார்க்காததும், சத்தம் கேட்டால் காதைப் பொத்துவதும் ஒரு வருத்தம், இந்த வலிப்பு வேறொரு வருத்தமா? அல்லது இரண்டும் ஒன்றா? உன் அத்தான் கிறகரியின் வீட்டார் எல்லாம் என் வயிற்றின் பிழை என்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் எனக்குத் தெரியவேண்டும்.

மாக்கிறட்


கொழும்பு
24.02.2003

அன்புள்ள அக்கா,

கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொன்னீர்கள். ஆனால் கேட்காத சில விடயங்களை முதலில் எழுதவேண்டியிருக்கிறது. கோபிக்காதீர்கள். வலிப்பு வந்தால் அவளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். வாய்க்குள் எதையும் விடவேண்டாம். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே ஆசுப்பத்திரி. கொடுத்த குளிசையை ஒருநாளும் திடீரென்று நிறுத்தவேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. நான் வைத்தியன் அல்ல, பதிவு செய்பவன் மட்டும். அதனால் எங்கள் பிரிவின் நரம்பியல் வைத்தியர் மங்கையற்கரசியிடம் கேட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன். ஒன்றுக்கு ஓட்டிசம் என்று பெயர், மற்றது வலிப்பு. பெயர் இரண்டு. சில பிள்ளைகளில் வேர் ஒன்றாக இருக்கலாம்.

மூளையில் சில கலங்கள் பக்கத்துக் கலத்தைத் தூண்டும். வேறு சில அடக்கும். இரண்டும் அளவாக இருந்தால்தான் நாம் ஒரு சத்தத்தைக் கேட்டு, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதைப் பிடித்துக்கொள்ள முடியும். அடக்கும் பக்கம் பலம் குறைந்தால் சத்தமும் வெளிச்சமும் தொடுகையும் அளவு மீறி உள்ளே போகும். மெற்றில்டா காதைப் பொத்துவது அதனாலாக இருக்கலாம். அதே பலவீனம் ஒருநாள் எல்லை மீறினால் பெருந்தொகையான கலங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து அடிக்கத் தொடங்கும். அதுதான் வலிப்பு. இது இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிற விடயம், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். ஓட்டிசம் உள்ள பலருக்கு வலிப்பு வருவதே இல்லை. வருகிறவர்களில் சிலருக்கு மிகச் சிறு வயதில் வரும், சிலருக்குப் பெரியபிள்ளையாகும் வயதை ஒட்டி.

வயிற்றின் பிழை என்று ஒன்று இதில் இல்லை. இந்த வரியை அத்தானின் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அவள் அடிக்கடி வெறித்துப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்கு நினைவிருக்கிறது. அது ஓட்டிசத்தின் குணம். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

உங்கள் தம்பி
எமிலியானுஸ்


தாழ்வுபாடு
09.03.2003

எமிலியானுஸ்,

அந்த வரியை வாசித்துக் காட்டினேன். மாமி எழும்பிப்போய் முற்றத்தைக் கூட்டினாள். அது போதும்.

ஆனால் நீ கடைசியாக எழுதியது பிழை. நீ மூளையைக் கடதாசியில் பார்க்கிறாய், நான் பிள்ளையைப் பார்க்கிறேன். அவளுக்கு ஒரு பார்வை இல்லை, இரண்டு பார்வை.

ஒன்று அவளுடைய சொந்தப் பார்வை. தண்ணீரில் வெயில் மினுங்குவதைப் பார்ப்பாள், வள்ளக் கயிறு ஆடுவதைப் பார்ப்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆனால் விரல்கள் ஓயாமல் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருக்கும். முன்னால் என் கையை நீட்டினால் தள்ளிவிடுவாள். அந்தப் பார்வையில் அவள் இருக்கிறாள். அது எனக்குத் தெரியும்.

மற்றதில் விரல் நின்றுவிடும். இமை மெல்லத் துடிக்கும், வாய் எதையோ சப்புவது போல அசையும். கையை நீட்டினாலும் தள்ளமாட்டாள். பத்து, பதினைந்து வரை எண்ணுவேன். பிறகு திரும்பி வந்து, கையில் இருக்கும் சிப்பி ஏன் இருக்கிறது என்று தெரியாதவள்போலக் கீழே போடுவாள். அந்தப் பார்வையில் அவள் இல்லை.

இந்த இரண்டாவது பார்வை போன ஆவணிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன் அவளுக்குப் பதினொரு சொல் இருந்தது. இப்போது நாலுதான்: அம்மா, தண்ணி, வா, மீன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவருகிறேன். நேற்று மட்டும் பன்னிரண்டு தரம் விரல் நின்றது.

இதற்கு என்ன பெயர்?

மாக்கிறட்


கொழும்பு
20.03.2003

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை டொக்டர் மங்கையற்கரசியின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு, "இதை எழுதினது ஆர்?" என்று கேட்டார்.

"என்ர அக்கா. மீன்காரர் வீட்டுப் பெண்."

"நாங்கள் கேக்க மறந்ததை அவ எழுதியிருக்கிறா. உடன கூட்டிக்கொண்டு வரச் சொல்லும்."

நீங்கள் சரி, நான் பிழை. விரல் நிற்பதும் வலிப்பாக இருக்கலாம் என்கிறார் டொக்டர். விழுந்து அடிக்காத, சத்தம் போடாத வகை. ஓட்டிசம் உள்ள பிள்ளையில் எல்லாரும் அதை 'அவளுடைய குணம்' என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன். ஒன்பது வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்கு வயர் பூட்டியிருக்கிறேன். ஒரு தாயிடமாவது "விரல் நிண்டதோ?" என்று நான் கேட்டதில்லை. சொற்கள் குறைவதுதான் டொக்டரை யோசிக்க வைக்கிறது. நித்திரையில் மூளை எப்படி இருக்கிறது என்று பதிவு செய்து பார்க்கவேண்டுமாம்.

சிக்கல் ஒன்றுதான். தலையில் இருபத்தொரு வயர் பூட்டவேண்டும், பசை போட்டு. சீப்பையே விடமாட்டாளே. மயக்க மருந்து கொடுத்தால் பதிவு சரியாக வராது. அதனால் பஸ்காரரிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டேன். பழுதாய்ப்போன வயர்களும் ஒரு தகரம் பசையும் துணித் தொப்பியும் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பழக்குங்கள். ஒரு வயர், அடுத்த நாள் இரண்டு. அவசரம் வேண்டாம்.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி. நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்.

எமிலியானுஸ்


தாழ்வுபாடு
30.04.2003

தம்பி,

பொதி வந்தது. பதில் எழுதப் பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தப் பழைய குளிசை அவளை எந்நேரமும் தூங்கப் பண்ணியது. கிறகரிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை சவம் மாதிரிக் கிடக்குது. இது மருந்தோ நஞ்சோ?" என்று கத்தினார். எனக்குத் தெரியாமல் குளிசைப் போத்தலை எடுத்து வலைச்சாக்குக்குள் ஒளித்துவிட்டார். இரண்டு நாளாக நான் வீடு முழுக்கத் தேடினேன். மூன்றாம் நாள் காலை பெரிய வலிப்பு. சரித்துப் படுக்கவைத்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டியது. அவரே தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினார். வீதியால் வந்த மீன் வியாபாரி மீராசாஹிபு தன் வானை நிறுத்தி ஏற்றினார். ஆசுப்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. பன்னிரண்டு நிமிடம்.

ஆசுப்பத்திரி வாசலில் மர வாங்கில் இருந்துகொண்டு கிறகரி சொன்னார், "நான்தான் ஒளிச்சு வச்சனான். என்னை ஏசு, மாக்கிறட்."

ஏச எனக்குப் பெலன் இருக்கவில்லை. "போத்தலை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். அந்த வெயிலில் நடந்து போய் எடுத்து வந்தார்.

இப்போது கேள். அவள் தலையைத் தொடவே விடவில்லை. ஒரு கிழமை கத்தினாள், கடித்தாள். எட்டாம் நாள் கிறகரி கடலால் வந்து, முகம் கழுவிக் கதிரையில் இருந்தார். "முதல் எனக்குப் பூட்டு" என்றார். பூட்டினேன். இருபத்தொன்றும். பக்கத்து வீட்டுத் தோமஸ் வலை கேட்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன கிறகரி, தலையால கறன்ட் எடுக்கிறியோ?"

"ஓம், பல்ப் இருந்தாக் கொண்டா" என்றார் இவர்.

மெற்றில்டா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் வந்து, அவருடைய தலையிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, திரும்பப் பூட்டினாள். அதற்கு அடுத்த நாள் தன்னுடைய தலையில். இன்றைக்குப் பதினாறு வயர் வரை வந்திருக்கிறோம்.

ஆனி ஒன்பதாம் திகதி வருகிறோம். உன் வீட்டில் தங்கமாட்டோம். பங்குச் சுவாமி கொழும்பில் ஒரு மடத்தில் அறை ஒழுங்கு செய்து தந்திருக்கிறார். இதற்குப் பதில் எழுதாதே.

மாக்கிறட்


கொழும்பு
18.06.2003

அன்புள்ள அக்கா,

டொக்டர் அறிக்கையை விளக்கும்போது நீங்கள் நேரே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், நான்தான் யன்னலைப் பார்த்தேன். நேரில் சொல்லாமல் விட்டதால் நான் கண்டதை எழுதிவைக்கிறேன்.

பகலில் அவளுக்கு நித்திரை வரவேண்டும் என்று விடிய நாலு மணிக்கே எழுப்பிக் கூட்டி வந்திருந்தீர்கள். என் அறைக்குள் வந்ததும் மெற்றில்டா கதிரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் சட்டையைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தினாள். முதல் வயர் என் தலைக்குத்தான். அறைக்கு வெளியே ஆறு பேர் காத்துக்கொண்டிருக்க, பெரிய தாதி ஏச, நான் வயரோடு இருந்தேன். அதற்குப் பிறகு அவள் தானாகவே ஏறிப் படுத்தாள்.

விழித்திருக்கும்வரை பதிவுப் பொறியின் பேனாமுனைகள் ஏறக்குறையச் சாதாரணமாகத்தான் எழுதின. அவள் நித்திரையானதும் கடதாசி கறுத்தது. கூரான அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல். ஒரு பக்கம் தொடங்கி மற்றப் பக்கத்துக்கும் பரவின. வெளியிலே பார்த்தால் வாய் சற்றுத் திறந்தபடி அமைதியாகத் தூங்கும் பிள்ளை. நாள்தோறும் நித்திரையில் அவளுக்குள் இது நடந்திருக்கிறது. பகலில் படித்த சொல்லை மூளை பதித்துவைக்கும் நேரம் நித்திரைதானாம். அந்த நேரத்தில் இந்த அடி. சொற்கள் எங்கே போயின என்பதற்கு எங்களிடம் இப்போது ஒரு விடையாவது இருக்கிறது.

மாற்றித் தந்த மருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். டொக்டர் சொன்னதை மறக்கவேண்டாம்: வலிப்பு அடங்கலாம், சொற்களில் சில திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். ஓட்டிசம் போகாது. போகவேண்டிய தேவையும் இல்லை என்று நீங்கள் பதில் சொன்னீர்கள். டொக்டர் அதைத் தன் கொப்பியில் எழுதியதை நான் கண்டேன்.

மடத்து வாசலில் உங்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. முப்பத்தோராம் நாள் சபையில் நான் சொன்னது இதுதான்: "உங்களால சமாளிக்கேலாது அக்கா. சிஸ்டர்மார் நடத்திற விடுதி ஒண்டு இருக்கு. இவளைக் கொண்டுபோய் விடுங்கோ." அவளுக்காகச் சொன்னேன் என்று இவ்வளவு காலமும் நினைத்தேன். அப்படி இல்லை. நான் கொழும்புக்குத் திரும்பிப் போகிறவன். உங்களை இந்தப் பாரத்தோடு தனியே விட்டுப் போகிறேன் என்ற குற்ற உணர்வு எனக்கு இருந்தது. அவள் விடுதியில் இருந்தால் என் மனம் இலேசாகும். எனக்காகத்தான் சொன்னேன்.

எமிலியானுஸ்


தாழ்வுபாடு
11.10.2003

அன்புள்ள தம்பி,

முதலில் கணக்கைத்தான் கேட்பாய் என்பதால் சொல்லிவிடுகிறேன். விரல் நிற்பது கிழமைக்கு ஒரு தரம், சில கிழமை அதுவும் இல்லை. சொற்கள் ஏழு. பழையவற்றில் இரண்டு திரும்பிவந்தன. ஒன்று புத்தம் புதியது: "வேண்டாம்". சோறு வேண்டாம், சட்டை வேண்டாம், அப்பா வேண்டாம், அம்மா வேண்டாம். நாள் முழுக்க இதுதான். மாமி "வாய்க்காரி" என்கிறாள். எனக்கு அது நற்கருணைப் பாட்டு மாதிரிக் கேட்கிறது.

பெரிய வலிப்பு ஒன்று ஆவணியில் வந்தது. கோயிலில், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் பழக்கும்போது. நான் பின் வாங்கில் இருந்தேன். எழுந்து ஓடுவதற்குள் ஞானோபதேச ரீச்சர் தன் கை மணிக்கூட்டைக் கழற்றி, நேரம் பார்க்கப் படியில் வைத்துவிட்டா. இரண்டு பெண்கள் அவளைச் சரித்துப் படுக்கவைத்தார்கள். ஒருத்தி முந்தானையை மடித்துத் தலைக்குக் கீழ் வைத்தாள். மற்றப் பிள்ளைகளை ஒருவரும் வெளியே விரட்டவில்லை. இரண்டு நிமிடத்தில் நின்றது. இந்தப் பெண்களுக்கு இதையெல்லாம் கருவாடு பிரட்டும் நேரத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அரை மணித்தியாலம் தூங்கி எழும்பி, தன் இடத்துக்குப் போய் நின்றாள். மற்றக் கிழமை புதுநன்மை வாங்கினாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். வசந்தமலர் என்று பெயர், இலுப்பைக்கடவைப் பக்கம், வயல்காரக் குடும்பம். உயிலங்குளம் சோதனைச் சாவடியில் மூன்று மணித்தியாலம் காத்து நின்று, ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளையும் முகம் பார்க்காது. அதற்கும் வலிப்பு. மூன்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தாளாம்.

"அக்கா, நீங்கள் பார்வையிலயே கண்டுபிடிப்பியளாம்."

"நான் இல்லை பிள்ளை, நீதான் கண்டுபிடிக்கப் போறாய்" என்று சொல்லி, பக்கத்தில் இருத்தி, விரல்களைப் பார்க்கப் பழக்கினேன். ஒரு மணித்தியாலத்தில் அவளே "இப்ப நிண்டிட்டுது!" என்று கத்தினாள். ஒரு கலண்டர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இனி உன் விடயம். நீ எழுதியதைப் பல தரம் வாசித்தேன். தனியே சமாளிப்பது கஷ்டம் என்று நீ அன்றைக்குச் சொன்னதில் பொய் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். எனக்கு நொந்தது வேறு. கிறகரியின் சனம் எல்லாம் இருக்கும் சபையில் வைத்துச் சொல்லிவிட்டு, நான் போ என்றதும் அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டாய். ஒரு மாதம் இருந்து சண்டை பிடித்திருந்தால் நானும் சண்டை பிடித்து முடித்திருப்பேன். நீ போய்விட்டாய், சண்டை என்னோடு தங்கிவிட்டது. எனக்காகத்தான் சொன்னேன் என்று நீ எழுதிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு விருப்பம் இல்லை.

அக்கா


கொழும்பு
14.11.2003

அன்புள்ள அக்கா,

வசந்தமலரைப் பற்றி நீங்கள் எழுதியதை டொக்டரிடம் சொன்னேன். "அங்கயிருந்து இஞ்ச வர எத்தினை தாயால ஏலும்? நாங்கள் போவம்" என்றார். மேலிடத்துக்கு எழுதி அனுமதியும் எடுத்துவிட்டார். மார்கழி ஐந்து, ஆறு, ஏழு மன்னாரில் முகாம். காவிச்செல்லக்கூடிய பதிவுப் பொறி ஒன்றும் வருகிறது. அதைக் கொண்டுவருபவன் நான்.

டொக்டர் ஒரு விடயம் கேட்கச் சொன்னார். வயர் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாயோடும் நீங்கள் இருந்து கதைக்கவேண்டுமாம். பிள்ளையின் பார்வை எத்தனை விதம் என்று நீங்கள் கேட்டு எழுதினால், அதை வைத்துத்தான் தான் பார்க்கத் தொடங்குவாராம். சம்மதமா?

சக உத்தியோகத்தர்கள் நகரத்தில் விடுதி எடுக்கிறார்கள். எனக்கும் ஒரு கட்டில் போடுவதா என்று கேட்டார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எமிலியானுஸ்


தாழ்வுபாடு
23.11.2003

அன்புள்ள தம்பி,

சம்மதம். இரண்டு நிபந்தனை. எனக்கு மேசையும் கதிரையும் டொக்டருக்குப் பக்கத்தில் வேண்டும், வாசலில் வேண்டாம். தாய்மார் சொல்வதை யாரும் இடையில் மறிக்கக்கூடாது. வசந்தமலரும் இன்னும் ஐந்து பேரும் வருகிறார்கள். முசலிப் பக்கத்திலிருந்து பரீனா என்ற பெண் பேரப்பிள்ளைகள் இருவரோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறா. பசை அதிகமாகக் கொண்டுவா.

கிறகரி உனக்கு அறை ஒதுக்கி, யன்னலுக்கு வலை அடித்திருக்கிறார். மெற்றில்டா அந்தக் கட்டிலில் சிப்பி அடுக்கியிருக்கிறாள். எடுக்கச் சொன்னால் "வேண்டாம்" என்கிறாள். நீ வந்து அவளோடு பேசி முடிவு செய். வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே. நிலத்தில் இருந்து உன் பாட்டில் ஏதாவது செய். அவளாக வருவாள். அன்றைக்கு வராவிட்டால் மற்றநாள்.

விடுதியில் உனக்குக் கட்டில் வேண்டாம் என்று சொல்லு. பஸ் மன்னார்ப் பாலம் தாண்டப் பின்னேரம் நாலு மணியாகும். கிறகரி சைக்கிளோடு நிற்பார். பொறியை ஆசுப்பத்திரி வானில் ஏற்றிவிட்டு, நேரே வீட்டுக்கு வா.

அக்கா